நாளுக்கு ஒரு புதிர் போதும்



2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த போட்டியில், பதினெட்டே வயதான சென்னை இளைஞர் குகேஷ் உலகச் சாம்பியன் பட்டம் வென்றார். இந்த அலை காவிரிப் படுகையிலுள்ள நம் ஊர்களையும் தொட்டுவிட்டது. கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் நீடூரிலும் ராஜகிரியிலும், கைபேசித் திரையில் சதுரங்கப் புதிருக்கு விடை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை இன்று காணலாம்.

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு குரல்கள் கேட்கின்றன. "சதுரங்கமே ஹராம், இதில் பேச என்ன இருக்கிறது?" என்பது ஒன்று. "சூதாட்டமில்லை, ஆபாசமில்லை, அறிவுதானே வளர்கிறது, ஆடிக்கொண்டே இருக்கட்டும்" என்பது மற்றொன்று. முதல் குரல் பிள்ளையை மறைந்து ஆடச் செய்கிறது. இரண்டாம் குரல் பிள்ளையின் இரவையும் சுப்ஹையும் சேர்த்துப் பறிகொடுக்கிறது. புதிர் ஆகுமா ஆகாதா என்று வாதிடுகின்ற நாம், அந்தப் புதிர் எப்போது முடிகிறது என்று கேட்பதேயில்லை. முடிவுள்ள புதிர் வீட்டுக்கு நன்மை செய்யும். முடிவற்ற புதிர், அது எவ்வளவு அறிவார்ந்ததாக இருந்தாலும், வீட்டை வெறுமையாக்கும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

மன்சூபா என்னும் மரபு

சதுரங்கப் புதிர் மேற்கிலிருந்து நேற்று வந்த பொருள் அன்று. இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் வழியாக அரபு உலகை அடைந்து 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. அரசன் வீழ்வதைக் குறிக்கும் 'ஷாஹ் மாத்' என்ற சொல்தான் ஐரோப்பிய மொழிகளில் திரிந்து இன்று உலகெங்கும் வழங்குகிறது. பலகையில் சில காய்களை நிறுத்தி, "இந்நிலையிலிருந்து வெல்லும் வழியைக் காண்க" என்று கேட்கும் புதிருக்கு அரபியர் இட்ட பெயர் 'மன்சூபா'. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அல்-அத்லீ என்ற ஆட்ட வல்லுநர் இத்தகைய புதிர்களைத் தொகுத்து நூல் செய்தார். அவருக்குப் பின் வந்த அபூபக்ர் அஸ்-ஸூலீ, அப்பாஸியக் கலீஃபா அல்-முக்தஃபீயின் அவையில் புகழ்பெற்றவர்; வரலாற்றாசிரியரும் இலக்கியவாதியுமாவார்.

அஸ்-ஸூலீ அமைத்த புதிர் ஒன்று 'ஸூலீயின் வைரம்' என்று அழைக்கப்படுகிறது. தாம் கற்றுக்கொடுத்தவர்களைத் தவிர வேறு எவராலும் இதற்கு விடை காண முடியாது என்று அவர் எழுதிவைத்தார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1980களில், ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் அதன் தீர்வை வெளியிட்டார். பலகையில் இருந்தவை நான்கே காய்கள். ஒரே ஒரு புதிர் பத்து நூற்றாண்டுகள் மனிதச் சிந்தனைக்கு வேலை கொடுத்தது. இன்று ஒரு மணி நேரத்தில் நூறு புதிர்களைத் தட்டிக் கடக்கும் பிள்ளை சிந்திக்கிறானா, விரலை அசைக்கிறானா என்பதை இந்த ஒப்பீட்டிலிருந்தே எடை போட்டுக்கொள்ளலாம்.

நம் படுகை மண்ணுக்கும் இந்த ஆட்டம் புதிதன்று. நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் என்ற பெயரில் ஒரு கோயில் உண்டு. அவ்வூர்த் தலபுராணமே ஒரு சதுரங்க ஆட்டத்தைச் சுற்றி அமைந்தது. அந்தச் சமய நம்பிக்கை நம்முடையதன்று. ஆயினும் நம் அண்டை வீட்டாரின் நினைவில் இவ்வாட்டத்துக்கு இருக்கும் இடத்தை அது காட்டுகிறது.

ஒரு தாயும் ஒரு தொலைக்காட்சிப் புதிரும்

பலகைப் புதிரை அன்றாடம் ஊரே கூடி ஆடும் விளையாட்டாக மாற்றுவது இணையம் கண்டுபிடித்த உத்தி என்று பலர் எண்ணுகின்றனர். இணையத்துக்கு முன்பே அது நடந்திருக்கிறது. அதனால் பயனடைந்த ஒரு சிறுவன் பிறந்தது நம் மயிலாடுதுறையில்.

விசுவநாதன் ஆனந்த் 1969 டிசம்பர் 11 அன்று அங்கே பிறந்தார். தந்தை ரயில்வே அதிகாரி. அவருடைய பணியின் பொருட்டுக் குடும்பம் 1970களின் இறுதியில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகர் மணிலாவுக்குச் சென்று சில காலம் தங்கியது. அங்கே தொலைக்காட்சியில் பகல் வேளையில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி ஒளிபரப்பானது. நாள்தோறும் ஒரு புதிர் தருவார்கள். அந்நேரத்தில் சிறுவன் ஆனந்த் பள்ளியில் இருப்பான். தாயார் சுசீலா அதைப் பார்த்துக் குறித்து வைப்பார். மாலையில் மகன் வந்ததும் இருவரும் சேர்ந்து விடை கண்டு அஞ்சலில் அனுப்புவார்கள். வெல்பவருக்கு ஒரு புத்தகம் பரிசு. சிறுவன் வென்றுகொண்டே இருந்தான். இறுதியில் நிகழ்ச்சியினர், "வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே" என்று சொல்லிவிட்டார்கள். ஆனந்தே பேட்டிகளில் மகிழ்ந்து நினைவுகூரும் செய்தி இது.

பிற்காலத்தில் ஐந்து முறை உலகச் சாம்பியன் ஆனவரின் தொடக்கத்தில் இருந்தவற்றை எண்ணிப் பாருங்கள். நாளுக்கு ஒரு புதிர். விடை காண ஒரு மாலைப்பொழுது. எழுதி அனுப்ப ஓர் அஞ்சலட்டை. பக்கத்தில் தாய். புதிர் முடிந்தால் அன்றைக்கு வேறு புதிர் இல்லை. மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் பிள்ளைக்கு நேற்றைய புதிரை மீண்டும் எண்ணிப் பார்க்க நேரம் கிடைத்தது. வறட்சி ஆண்டுகளில் முறைவைத்துப் பாசனம் செய்த நம் விவசாயிகளுக்கு இது விளங்கும். முறை முடிந்ததும் மடையை அடைக்க வேண்டும். அடைக்காத மடை வயலையும் அழுக வைக்கும், கடைமடைக்காரனின் பங்கையும் தின்றுவிடும்.

மடை திறந்த கதை

இணையத்திலும் ஒருவர் இந்த மடையை அடைத்துக் காட்டினார். 2021 அக்டோபரில் ஜோஷ் வார்டில் என்ற மென்பொருளாளர் 'வேர்டில்' என்னும் சொற்புதிரைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். நாளுக்கு ஒரே சொல், உலகம் முழுவதற்கும் அதே சொல், விளம்பரம் இல்லை. நவம்பர் முதல் தேதியில் தொண்ணூறு பேர் ஆடியது, ஜனவரித் தொடக்கத்தில் மூன்று இலட்சத்தைத் தாண்டியது. எல்லோருக்கும் ஒரே புதிர் என்பதால், எங்கோ இருக்கும் உறவினரிடம் "இன்றைய சொல்லைக் கண்டுபிடித்தாயா?" என்று கேட்க முடிந்தது. குறைவாகக் கொடுத்ததே அதைச் சமூக விளையாட்டாக்கியது.

2022 ஜனவரி இறுதியில் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. 2024இல் பழைய புதிர்கள் அனைத்தையும் சந்தாதாரர்களுக்குத் திறந்துவிட்டது. நாளுக்கு ஒன்று என்று தொடங்கியது, பணம் கட்டினால் எத்தனை வேண்டுமானாலும் என்று ஆயிற்று. வணிகத்தின் இயல்பு அது. அதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த இயல்பு நம் வீட்டுக்குள் நுழையும்போது அதை அடையாளம் காண வேண்டியது நம் கடமை.

சதுரங்கச் செயலிகள் பலவற்றிலும் நிலைமை இதுதான். ஒரு புதிர் முடிந்த நொடியில் அடுத்தது வந்து நிற்கிறது. மதிப்பெண் ஏறுகிறது, இறங்குகிறது. எத்தனை நாள் தொடர்ந்து ஆடினாய் என்ற எண்ணிக்கை திரையில் எரிகிறது. ஒரு நாள் தவறினால் அந்த எண் பூஜ்யம். நூறு நாள் எண்ணிக்கையை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையும் போர்வைக்குள் கைபேசியைத் தேடுகிறது.

"நற்செயலைத் தொடர்ந்து செய்வது சுன்னத்தாயிற்றே, இதுவும் அதுபோன்ற பயிற்சிதானே?" என்று சிலர் கேட்கின்றனர். அளவில் குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அது உண்மை. ஆனால் நம் மார்க்கம் தொடர்ச்சியை எவ்வாறு கணக்கிடுகிறது என்பதையும் பாருங்கள். ஓர் அடியான் நோயுற்றாலோ பயணத்தில் இருந்தாலோ, உடல்நலத்துடன் ஊரில் இருந்தபோது அவன் வழக்கமாகச் செய்துவந்த அமலின் நன்மை அவனுக்கு எழுதப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரீயில் பதிவாகியுள்ளது. தவறிய தொழுகைக்குக் களா உண்டு. படைத்தவன் வைத்திருக்கும் கணக்கில் நோயாளிக்கு இரக்கம் இருக்கிறது. செயலியின் கணக்கில் நோயாளிக்குப் பூஜ்யம்தான். இவ்விரண்டையும் ஒன்றென்று சொல்வது அறிவீனம்.

மார்க்க அறிஞர்கள் என்ன கூறினர்?

நம் படுகையில் ஷாஃபிஈ மத்ஹபினரும் உள்ளனர், ஹனஃபீ மத்ஹபினரும் உள்ளனர். சதுரங்கம் குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. இமாம் மாலிக், இமாம் அஹ்மத் ஆகியோரின் மத்ஹபுகள் தடை செய்கின்றன. ஹனஃபீ மத்ஹபு கடுமையான வெறுப்புக்குரியதாகக் கருதுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ். தொழுகை நேரம் தவறினாலோ பந்தயம் வைத்தாலோ ஹராம் என்று இமாம் நவவீ (ரஹ்) தெளிவுபடுத்துகிறார். சதுரங்கம் ஆடியோரை அலீ (ரலி) அவர்கள் கண்டித்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. தாபிஈன்களில் ஒருவரான ஸஈத் இப்னு ஜுபைர் (ரஹ்) பலகையைப் பாராமல் முதுகைத் திருப்பிக்கொண்டு ஆடுவார் என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) வழியாகச் செய்தியும் உண்டு.

அண்மைக் காலத்திலும் இந்த இழுபறி தொடர்ந்தது. சவூதியின் தலைமை முஃப்தி சதுரங்கத்தைக் கண்டித்துப் பேசியது 2016 ஜனவரியில் உலகச் செய்தியாயிற்று. 2017 டிசம்பரில் அதே நாட்டின் தலைநகர் ரியாத்தில் உலக விரைவுச் சதுரங்கப் போட்டி நடந்தது; வென்றவர் மயிலாடுதுறையில் பிறந்த அதே ஆனந்த். அரசு ஒரு போட்டியை நடத்துவதால் ஒன்று ஹலாலாகிவிடாது. எனவே உங்கள் மத்ஹபின்படி உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். அவர் கூடாது என்றால் அத்துடன் நில்லுங்கள். கீழே சொல்வதை வேறு வகைப் புதிர்களைக் கொண்டு செய்யலாம்.

ஆனால் இமாம்களின் கூற்றுகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்களைக் கவனியுங்கள்: தொழுகையை மறக்கடித்தல், பணம் வைத்தல், பகைமை மூட்டுதல், நேரத்தை விழுங்குதல். அனுமதித்தவர்களும் இவற்றைத் தவிர்த்தே அனுமதித்தனர். "எங்கள் மத்ஹபில் ஆகும்" என்று சொல்லிக்கொண்டு இரவு ஒரு மணி வரை ஆடுபவர் இமாம் ஷாஃபிஈயின் நிழலில் நிற்கவில்லை. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். பேச்சுக்கே அந்த நிலை என்றால், திரைக்கு என்ன சொல்வது?

பணம் வேண்டாம், பரிசும் வேண்டாம்

"சிறு நுழைவுக் கட்டணம், முதல் பரிசு ஐயாயிரம் ரூபாய் என்று வைத்தால் பிள்ளைகள் ஆர்வமாக வருவார்களே" என்ற யோசனை எப்போதும் எழும். கட்டணம் திரட்டி வென்றவருக்குக் கொடுப்பது, குர்ஆன் தடுத்த மைஸிரின் வாசலில் போய் நிற்பதாகும். இணையச் சூதாட்டத்தில் பணத்தை இழந்து கடனாளியாகி உயிரை மாய்த்துக்கொண்டோரின் செய்திகள் பெருகிய பின்னரே, தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவைச் சட்டப்பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது சட்டமாயிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. நாட்டின் சட்டமே இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்த இடத்தில், நாம் தொடக்கம் முதலே நிற்க வேண்டியவர்கள்.

கட்டணமின்றி ஒரு செல்வந்தர் பரிசளித்தால் என்ன? அம்பெய்தல், ஒட்டகப் பந்தயம், குதிரைப் பந்தயம் ஆகியவற்றில் அன்றிப் போட்டிப் பரிசு இல்லை என்ற ஹதீஸை வைத்து ஆலிம்கள் விரிவாக ஆய்ந்துள்ளனர். அதை அவர்களிடமே விட்டுவிடுவோம். நடைமுறைக் காரணம் ஒன்றே போதும். இன்று எந்தப் புதிருக்கும் கணினி நொடியில் விடை சொல்லிவிடும். பரிசு வைத்தால் பிள்ளை கணினியிடம் கேட்பான். பொய் சொல்லப் பழகுவான். பரிசில்லாத இடத்தில் ஏமாற்றிப் பெறுவதற்கு ஒன்றுமில்லை.

நம் மஹல்லாவில் செய்யக்கூடியது

குறை கூறுவதோடு நிற்பது எளிது. ஆகவே ஒரு திட்டத்தையும் முன்வைக்கிறேன். இதற்குச் செலவில்லை. 2010இல் பிரெஞ்சுக்காரர் திபோ டுப்ளெஸி தொடங்கிய 'லிசெஸ்' என்ற தளம் இலாப நோக்கற்றது, விளம்பரமற்றது. தன் புதிர்த் தொகுப்பு முழுவதையும் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக வெளியிட்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு புதிரைத் தேர்ந்து, படமாக்கி, ஊர்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் அனுப்பலாம். குழுவை நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி அமைத்துவிட்டால் வீண் அரட்டைக்கு இடமில்லை.

புதிர் வரும் நேரம் முக்கியமானது. நள்ளிரவு பன்னிரண்டுக்குப் புதிய புதிர் திறக்குமானால், பிள்ளை பன்னிரண்டு வரை விழித்திருக்கும். நம் புதிர் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் வரட்டும். மக்ரிப் பாங்குடன் விடை அனுப்பும் நேரம் முடியட்டும். அதன் பின் குர்ஆன் ஓதும் வேளை. சரியான விடை மறுநாள் காலைப் புதிருடன் வரட்டும். ஓர் இரவு காத்திருக்கப் பழகுவது பிள்ளைக்கு நல்லது.

ஆளுக்கு ஒரு விடை வேண்டாம்; குடும்பத்துக்கு ஒரு விடை போதும். "குதிரையை இங்கே வை" என்று மட்டும் எழுதாமல், ஏன் என்பதை இரண்டு வரியில் எழுத வேண்டும். கடிகாரம் இல்லை, தரவரிசை இல்லை, தொடர்ச்சி எண்ணிக்கை இல்லை. ஒரு வாரம் வராத குடும்பத்தை எவரும் கேட்கப்போவதில்லை.

குடும்பத்துக்கு ஒரு விடை என்பதில்தான் இத்திட்டத்தின் பயன் அடங்கியிருக்கிறது. நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் அத்தா குவைத்திலோ துபையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்! இங்கே காலை ஆறு மணி என்றால் குவைத்தில் மூன்றரை, சிங்கப்பூரில் எட்டரை. குவைத்தில் இருப்பவர் தம் சுப்ஹை முடித்துவிட்டுப் பார்க்கும் படமும், ஊரில் மகள் பள்ளிக்குப் போகுமுன் பார்க்கும் படமும் ஒன்றே. தொலைபேசியில் "சாப்பிட்டாயா, படித்தாயா, பணம் வந்ததா" என்ற மூன்று கேள்விகளோடு முடிந்துபோகும் உரையாடலில், "அந்த யானையை ஏன் பலி கொடுக்கச் சொல்கிறாய்?" என்று நான்காவது கேள்வி ஒன்று சேரும். பிள்ளை தன் தகப்பனிடம் ஒரு பொருளைப் பற்றி வாதாடும். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க வாய்ப்பில்லாமற்போன உம்மாவும் மகளுக்குச் சமமாக அமர்ந்து சிந்திப்பார். மணிலாவில் சுசீலா அம்மையார் செய்தது அதுதான்.

சதுரங்கத்தில் மனம் ஒப்பாத குடும்பங்களும் பங்குபெற, வாரத்தில் சில நாள்கள் நம் மண்ணின் ஆடு புலி ஆட்டத்திலிருந்து புதிர் தரலாம் என்பது என் யோசனை. இதையும் ஆலிமிடம் கேட்டே தொடங்குங்கள். இருபத்து மூன்று சந்திகள், மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். "ஆடுகளின் முறை, மூன்று நகர்வுகளில் இந்தப் புலியை அடைத்துவிடு" என்பது நல்ல மன்சூபா. இதில் பகடை இல்லை. பகடை உருட்டி ஆடும் நர்து ஆட்டத்தை ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ் வன்மையாகக் கண்டிப்பதால் தாயத்தை நாம் சேர்க்கவில்லை. வேட்டையாடும் மூன்று புலிகளை எளிய ஆடுகள் ஒன்றுகூடி முடக்குவதைப் பிள்ளைகள் விரும்பியே கற்பார்கள்.

"ஒரு புதிர் முடிந்ததும் பிள்ளை வேறு செயலிக்குத் தாவாதா?" என்று கேட்பீர்கள். தாவலாம். எந்தத் திட்டமும் பெற்றோரின் பார்வைக்கு மாற்றாகாது. ஆனால் வெறும் "வேண்டாம்" என்ற சொல்லைக் காட்டிலும், "இன்றைக்கு இது போதும், நாளை மீண்டும் சேர்ந்து பார்ப்போம்" என்ற சொல்லுக்குப் பிள்ளை செவிசாய்க்க வாய்ப்பு அதிகம். ஏனெனில் அதில் நாமும் பக்கத்தில் அமர்ந்திருக்கிறோம்.

நம் தொழுகைகள் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நேரமும் இறுதி நேரமும் உண்டு. நோன்புக்கு ஸஹரும் இஃப்தாரும் உண்டு. ஹஜ்ஜுக்குக் குறிப்பிட்ட நாள்கள் உண்டு. இபாதத்துக்கே எல்லை வகுத்த மார்க்கத்தில் பிறந்தவர்கள், விளையாட்டுக்கு எல்லை வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? காலத்தின் மீது சத்தியமிட்டு மனிதனின் நட்டத்தைச் சொல்லும் ஸூரத்துல் அஸ்ரை நம் பிள்ளைகள் மனனம் செய்து ஒப்பிக்கின்றனர். அதன் பொருளை அவர்கள் கைபேசியை வைக்கும் நேரத்தில் உணர வேண்டுமானால், முதலில் நம் கைபேசியை நாம் வைக்க வேண்டும்.

அல்லாஹ் நம் நேரங்களில் பரக்கத் செய்வானாக. நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக. ஆமீன்.